அடுப்புக் குளிர்

வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால், இந்தப் பக்கத்து ஆட்கள் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். "என்ன சார், அடுப்புக் குளிரா?" என்று மட்டும் கேட்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா மூன்று அடுக்கு உடுப்புக்குள் வியர்த்து வழிந்தால், "சித்தப்பாவுக்கு அடுப்புக் குளிர், அந்த ஃபேனை இப்படித் திருப்பு" என்பார்கள். மழைக்கு அறிகுறியே இல்லாத நாளில் ரெயின்கோட்டோடு வந்த வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் பேர். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது எங்கே பிறந்த வார்த்தை என்று தெரியாது. அது பிறந்தது ஒரு பேக்கரியில். பெற்றவர் அங்கே அடுப்பு பார்த்த மாஸ்டர். ஆசைப்பட்டு ஒன்றும் பெறவில்லை, வேறு வழியில்லாமல் பெற்றார்.

பேக்கரி பெரிசு இல்லை. முன்னால் கண்ணாடி அலமாரி வைத்த கடை, பின்னால் வேலைக்கூடம், அதற்கும் பின்னால் மாவு மூட்டை அடுக்கிய கிடங்கு. வேலைக்கூடத்தில் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் அடுப்பு. அடுப்பு வாய்க்கு எதிரே, ஒரு ஆள் திரும்பி நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, மாவு உருட்டுகிற நீள மேசை. இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்துதான் மாஸ்டரின் ராஜ்யம். ஆள் உயரக் காம்பு வைத்த பலகையால் ட்ரேக்களை உள்ளே தள்ளுவார், வெளியே இழுப்பார். இடைப்பட்ட நேரத்தில் மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு அடுப்பையே பார்த்தபடி நிற்பார். வெந்த ரொட்டி வந்ததும் ஒன்றைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே காலிப் பெட்டியைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தால் வெந்தது. இல்லாவிட்டால் மறுபடி உள்ளே போகும். மீசை அரும்பிய நாளிலிருந்து அவருக்கு இந்த வேலைதான். அவர் தட்டாத ரொட்டி கடை அலமாரிக்குப் போனதில்லை.

மூலையில் மாவு பிசைகிற மெஷின் ஒன்று இருந்தது. காலையில் போட்டால் சாயங்காலம் வரை கடகடவென்று ஓடும். பல் கொட்டின கிழ மெஷின். அதுதான் மாஸ்டரின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் இடது காது மந்தமானது. வலது காது இருக்கிறதே என்று இருந்தார். பிறகு அதுவும் கைவிட்டது. ஒரு நாள் ரொட்டியைத் தட்டினார், சத்தம் வரவில்லை. அடுத்ததைத் தட்டினார், அதுவும் அப்படித்தான். ரொட்டியில்தான் கோளாறு என்று நான்கைந்தைத் தட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அன்றைக்கு அவருக்கு அடுப்பு முன்னால் நிற்கும்போதே கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது. நிஜமாகவே அடுப்புக் குளிர் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த ஒரு நாள்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்பே அங்கே மெஷின் பார்த்த ஒரு பெரியவருக்குக் கண் மங்கியது. முதலாளி அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. "நீங்க உக்காந்து பாருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ரொட்டி உறை மடிக்கிற வேலை கொடுத்தார். அந்த மனுஷன் சில மாதம் உறை மடித்தார். பிறகு ஒரு நாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அந்த நாற்காலி இன்னும் கிடங்கில் கிடந்தது. மாஸ்டர் மாவு மூட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் திரும்புவார். அடுப்பை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

சத்தம் போனால் என்ன, விரல் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார். தட்டும்போது விரல் நுனியில் ஒரு அதிர்வு வரும். வெந்ததுக்கு ஒரு மாதிரி, வேகாததுக்கு வேறு மாதிரி. நாளடைவில் அது பிடிபட்டது. ரொட்டி தப்பவில்லை. மனிதர்களிடம்தான் தப்பிக்க முடியவில்லை. ஒரு நாள் பால்காரர் பின்னால் நின்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டருக்குத் தலைக்கனம் ஏறிப் போச்சு" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் மாஸ்டர் மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அப்போது குளிர்காலம். காதை மூடியவனிடம் யாரும் உரக்கத்தானே பேசுவார்கள்? "மஃப்ளர் கட்டியிருக்கேன்ல, சத்தமாச் சொல்லுப்பா" என்றால் கதை முடிந்தது.

குளிர்காலம் போனது. மஃப்ளர் போகவில்லை.

கோடை நன்றாக ஏறின ஒரு நாள், மெஷின் பார்க்கிற மாவுக்காரர் அவர் எதிரே வந்து நின்று வாய் விட்டே கேட்டுவிட்டார்: "என்ன மாஸ்டர், எங்களுக்கெல்லாம் உயிர் போகுது, உங்களுக்கு மட்டும் குளிருதா?"

மாஸ்டர் உதட்டைப் படித்துக் கேள்வியைப் பிடித்தார். பொய் சொல்வதென்று இறங்கிவிட்டால் அரைகுறையாகச் சொல்கிற ஆள் இல்லை அவர். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "குளிரும்ப்பா. நாள் பூரா அடுப்பு முன்னால நிக்கறவன் உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழகிடும். ஓரடி தள்ளி வந்தாலும் காத்து காது வழியா உள்ள பூந்துடும். இதுக்குப் பேரே அடுப்புக் குளிர். கவனிக்காம விட்டா மூட்டுல இறங்கும், அப்புறம் எந்திரிக்க முடியாது."

"ஐயையோ, மூட்டுலயா?"

"பின்ன?"

மாவுக்காரருக்கு ஏற்கனவே முழங்கால் வலி. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தலையில் துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து முன்னால் கடையைப் பார்க்கிற கல்லாக்காரர் தும்ம ஆரம்பித்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. ஆனாலும் "எனக்கும் லேசா இருக்கு மாஸ்டர்" என்று சொல்லி, மனைவியின் கம்பளித் தொப்பியை எடுத்துக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தத் தொப்பியில் ஒரு நூல் பூ வேறு இருந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் கேட்டார்கள், கல்லாக்காரர் விளக்கினார், வாங்க வந்தவர்கள் தெருவுக்கெல்லாம் விளக்கினார்கள். வார்த்தை பிறந்து ஊர் சுற்றக் கிளம்பியது இப்படித்தான். முடிதிருத்துகிற கடையில் ஏறி, பஸ்ஸில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பேக்கரியில் காதை மூடாமல் இருந்தது ஒரே ஒரு ஆள். சூடான ட்ரேக்களை அடுப்பிலிருந்து ஆறவைக்கிற தட்டிகளுக்குக் கொண்டுபோகிற பெண். எல்லாரும் அவளை ட்ரே அக்கா, சுருக்கமாக ட்ரேக்கா என்றார்கள். முப்பதை ஒட்டிய வயசு, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, பள்ளிக்கூடம் போகிற மகள், சம்பாத்தியம் இவள் ஒருத்திதான். "உனக்குக் குளிரலையா?" என்று மாவுக்காரர் கேட்டதற்கு, "எனக்கு வேர்க்குதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "சில உடம்பு அப்படி" என்று மாவுக்காரரும் கல்லாக்காரரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

மாஸ்டர் வீட்டில் பொய் செல்லுபடியாகவில்லை. கட்டினவளுக்குத் தெரியாமல் காதை எங்கே ஒளிப்பது? அவர் மனைவி தொண்டை கிழியக் கத்தித்தான் குடித்தனம் நடத்தினாள். "தண்ணி வேணுமாஆ?" என்று கேட்டால் தெருமுனையில் இருக்கிறவனுக்குத் தாகம் எடுக்கும். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் படியேறி வந்து, "நாங்களும் எத்தனையோ குடும்பம் பாத்திருக்கோம், இப்படி ஓயாம சண்டை போடறதை இப்பத்தான் பாக்குறோம். பாவம் அந்த மனுஷன், வாயைத் திறக்கிறதே இல்ல" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டரின் மனைவி அதையும் அவரிடம் கத்தியே சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

"எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?" என்று அவள் கேட்பாள்.

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன். காது போனா என்ன, முதுகே எனக்குக் காது மாதிரி" என்பார் மாஸ்டர்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. பேக்கரியில் முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே ஒரு கண்டிப்பான விதி உண்டு. சூடான ட்ரேயைத் தூக்கி வருகிறவர், "சூடு, சூடு!" என்று கத்திக்கொண்டே வர வேண்டும். கத்தாமல் வந்து யாரையாவது சுட்டாலும், தானே சுட்டுக்கொண்டாலும், அன்றோடு வேலை போய்விடும். மாஸ்டருக்கு அந்தக் கத்தல் கேட்காது. ஆனாலும் ட்ரேக்கா பின்னால் வருகிற சமயம் பார்த்து அவர் உடம்பு தானாக ஒதுங்கிவிடும். இடுப்பில் ஏதோ சின்னதாகச் சிலிர்க்கும், ஒரு எட்டு நகர்ந்துவிடுவார், ட்ரே தாண்டிப் போகும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆண்டவன் ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுப்பான் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார். இந்தப் பெருமையை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

இதற்கு நடுவில் மேசைக்கு ஒரு நோய் வந்தது. அடுப்புப் பக்கத்து மூலையில் இருந்த கால் ஆடத் தொடங்கியது. ஆணி அடித்தால் ஒரு மாதம் நிற்கும், மறுபடி ஆடும். "யாருப்பா இந்தக் காலைப் போட்டு இந்தப் பாடு படுத்துறது?" என்று முதலாளி சத்தம் போட்டார். எல்லாரும் ஆளுக்கொரு வேலையில் குனிந்துகொண்டார்கள். கடைசியில் தச்சரை வரச் சொல்லி, மேசையையே தூக்கிப் பின்கட்டு முற்றத்தில் கவிழ்த்துப் போட்டார்கள். மாவு உருட்ட வாசல் பக்கம் ஒரு பழைய பலகையைப் போட்டுச் சமாளித்தார்கள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

பன் வேகிற நேரம். மாஸ்டர் அடுப்பின் ஆழத்திலிருந்து ஒரு ட்ரேயை இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ட்ரேக்கா, ஏற்கனவே இறக்கி வைத்த இரண்டு ட்ரேக்களை இரண்டு கையிலும் ஏந்தி, கத்திக்கொண்டே வந்தாள். மாஸ்டர் ஒதுங்கவில்லை. பலகைக் காம்பைப் பின்னால் ஓங்கி இழுத்தார், அது ட்ரேயில் போய் இடித்தது. ட்ரே சரிந்து, அதன் விளிம்பு அவள் முன்கையில் நீளமாகப் பதிந்துகொண்டே விழுந்தது. பன் எல்லாம் தரையில் உருண்டன. அவள் அலறியதும் மாஸ்டருக்குக் கேட்கவில்லை. உருண்டு வந்த பன் ஒன்று காலில் பட்ட பிறகுதான் திரும்பினார்.

கையைத் தண்ணீரில் பிடித்து, கல்லாக்காரர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். காயம் ஆறிவிடும், தழும்பு நிற்கும் என்றார்கள்.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு கத்திருப்பாளா மாட்டாளா?"

"கத்திருப்பா. கத்தாம வர்ற ஆளே இல்ல."

"மத்தவங்களுக்குக் கேட்டிருக்குமே?"

"எப்படிக் கேக்கும்? ஒருத்தன் துண்டு, ஒருத்தன் தொப்பி. மெஷின் வேற ஓடுது. எல்லார் காதையும் நான்தானே அடைச்சு வச்சேன்!"

மனைவி அதற்குப் பிறகு எதுவும் கத்தவில்லை. அவளுக்கும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி தெரியும். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எதிர்வீட்டில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

மறுநாள் காலை முதலாளி எல்லாரையும் கிடங்குக்குக் கூப்பிட்டார். முதலாளி மாஸ்டரைவிட வயதில் சின்னவர், நியாயஸ்தர், ஆனால் விதி என்றால் விதி. ட்ரேக்கா கையில் கட்டோடு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மாஸ்டர் முதலாளியின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"நீ கத்தினியாம்மா?"

"கத்தினேன் சார்."

முதலாளி மாவுக்காரரைப் பார்த்தார். மாவுக்காரர் நெளிந்தார். "எனக்குக் கேக்கல சார். பொய் சொல்லக் கூடாது பாருங்க." கல்லாக்காரரும் கேட்கவில்லை என்றார். தலையில் நூல் பூ ஆடியது.

"மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கேக்காது? மாஸ்டர், உங்களுக்கு?"

மாஸ்டர் மஃப்ளரின் முனையைத் திருகிக்கொண்டு நின்றார். ட்ரேக்கா அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, எனக்கு மட்டும் ஆசையா? எங்கப்பா வச்ச விதி. நான் மாத்தினா நாளைக்கு இன்னொருத்தர் சுட்டுக்குவாங்க. கை ஆறுற வரைக்கும் ஆஸ்பத்திரி செலவு என்னோடது. அதுக்கப்புறம் நீ வேற இடம் பாத்துக்க" என்றார் முதலாளி.

மாஸ்டரின் கை கழுத்துக்குப் போனது. முடிச்சு இறுகியிருந்தது, விரலுக்கு அகப்படவில்லை. இரண்டு கையாலும் இழுத்து அவிழ்த்தார். மஃப்ளர் கையோடு வந்தது. அனலில் கறுத்துப்போன அந்த முகத்துக்கு இரண்டு பக்கமும் காதுகள் மட்டும் வேறு யாருடையவோ போல வெளுத்துத் தெரிந்தன. மாவுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவ கத்தினா சார்" என்றார் மாஸ்டர். குரல் எந்த அளவில் வருகிறது என்று தெரியாமல் கிடங்கே அதிரச் சொன்னார். "கண்டிப்பாக் கத்தினா. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாக் கேக்காது. மஃப்ளரை எடுத்தாலும் கேக்காது. அடுப்பை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயந்து மறைச்சேன். இவங்களும் என் பேச்சை நம்பிக் காதைக் கட்டிக்கிட்டாங்க. தப்பு என்மேல. அந்த நாற்காலியை எனக்குப் போடுங்க, அவளை விட்டுடுங்க."

மாவுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அடுப்புக் குளிருன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா மாஸ்டர்?"

மாஸ்டர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"எனக்கு நெஜமாவே குளிருதே!"

"யோவ், முதல்ல அந்தத் துண்டை அவுருய்யா!" என்று முதலாளி கத்தினார். துண்டு இறங்கியது. கல்லாக்காரரின் பூவும் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போனது.

முதலாளி மாஸ்டர் பக்கம் திரும்பினார். கோபமா வருத்தமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு நேரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து கேட்டார். "இத்தனை நாள் யாரையும் சுடாம எப்படி மாஸ்டர் ஓட்டினீங்க? தினமும் எத்தனை ட்ரே உங்க பின்னால போகுது!"

"முதுகுக்குத் தெரியும் சார். ஆள் வந்தா உடம்பு தானா ஒதுங்கிடும். நேத்து மட்டும்தான் என்னவோ..."

அப்போதுதான் ட்ரேக்கா தலையை நிமிர்த்தினாள். வழக்கம்போல மாஸ்டரின் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டாள். அவள் எப்போதுமே அவரிடம் இப்படி எதிரே வந்து நின்றுதான் பேசுவாள் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"முதுகு இல்லண்ணே. மேசைக் கால்."

"என்ன?"

"நீங்க இடுப்பைச் சாச்சுக்கிட்டு நிப்பீங்கள்ல? நான் வரும்போதே அந்த மூலைக் காலை ஒரு உதை விடுவேன். மேசை ஆடும், நீங்க ஒதுங்கிடுவீங்க. நான் வந்த புதுசுல ஒருதரம் கத்திக்கிட்டே நின்னேன், நீங்க திரும்பவே இல்ல. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து உதைச்சுக்கிட்டுத்தான் வர்றேன்." முதலாளி பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க சார், அந்தக் கால் ஆடினது என்னாலதான்" என்றாள்.

இத்தனை நாள் மாஸ்டர் தன் முதுகை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டுக்கொண்டார்! அது அத்தனையும் இந்தப் பெண்ணின் கால். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, மஃப்ளரால் துடைத்துக்கொண்டார்.

"வேலையே போகுதுன்னாங்களேம்மா. அப்பவாவது சொல்லியிருக்கலாமே? 'அவருக்குக் காது கேக்காது'ன்னு ஒரு வார்த்தை!"

"நீங்க கட்டினது. நீங்கதானேண்ணே அவுக்கணும்?" என்றாள் ட்ரேக்கா.

முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாவுத் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார். தச்சரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு நாலு காலும் புதுசாகப் போட்டு, அடுப்புப் பக்கத்து மூலையில் மட்டும், உதை தாங்குகிற மாதிரி ஒரு தடித்த கட்டை வைத்து இறுக்கச் சொன்னார். சூடு எடுத்து வருகிறவர் கத்தவும் வேண்டும், உதைக்கவும் வேண்டும் என்று விதி மாறியது. மேசை இல்லாத நாளில் அடுப்பும் கிடையாது என்பதும் அதில் சேர்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலி ட்ரேக்காவுக்குப் போனது, கை ஆறுகிற வரை உட்கார்ந்து உறை மடிக்க. ஆறினதும் அதைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து முதல் வேலையாகப் புதுக் காலை ஓங்கி ஒரு உதை விட்டாள். மாஸ்டர் ஒதுங்கிக்கொண்டே சிரித்தார்.

முதலாளி அவரைக் காது டாக்டரிடமும் அனுப்பிவைத்தார். சின்னதாக ஒரு மெஷின் கொடுத்தார்கள். அடுப்புச் சூட்டுக்கு அது ஆகாது என்பதால் வேலை நேரத்தில் டப்பாவில் இருக்கும், மற்ற நேரம் காதில். வீட்டில் மனைவியின் குரல் பாதியாக இறங்கியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த எதிர்வீட்டு அம்மா கவலையோடு படியேறி வந்தாள். "என்னதான் சண்டை போட்டாலும் முகம் பாத்துப் பேசிக்கணும். இப்படிப் பேச்சுவார்த்தையே இல்லாம இருக்கறது நல்லா இல்ல."

பேக்கரிக்காரர்கள் எல்லாரும் காதைத் திறந்துகொண்டார்கள். வார்த்தை மட்டும் திரும்பி வரவில்லை, ஊரோடு போய்விட்டது. ஒரு லீவு நாளில் மாஸ்டரும் மனைவியும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். ஒரு நிறுத்தத்தில் நடுத்தர வயது ஆள் ஒருவர் ஏறினார். முழுக்கை ஸ்வெட்டர், கழுத்து மூடியிருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. பின் சீட்டில் இருந்த காலேஜ் பையன்களுக்கு வேறு வேலை இல்லை.

"டேய், சாருக்கு அடுப்புக் குளிர்டா!"

மாஸ்டர் விறைத்து உட்கார்ந்தார். தான் பெற்ற வார்த்தையை அடுத்தவர் வாயிலிருந்து காதாரக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். மனைவியும் வாய்க்குள் சிரித்துக்கொண்டே அவரை இடித்தாள். ஸ்வெட்டர் போட்டவர் சிரிக்கவில்லை. கழுத்துப் பட்டியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார்.

மாஸ்டர் திரும்பிப் பையன்களைப் பார்த்தார்.

"அவருக்குக் குளிருதுன்னா குளிருதுதான்ப்பா. விடுங்க."

பிறகு எழுந்து, ஜன்னலோரத்துத் தன் இடத்தை அந்த ஆளுக்குக் காட்டி, மெஷின் வைத்த பிறகும் போகாத பழைய உரத்த குரலில் சொன்னார். "உக்காருங்க. எனக்கு நின்னு பழக்கம்."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாப் பேசு. பஸ்ஸே நம்மளத்தான் பாக்குது."